வெள்ளி விலையும் விவசாயியின் கோபமும்: சிங் பேரரசின் கடைசி நூற்றாண்டு

1852ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஸெங் குவோஃபான் என்ற உயர் அதிகாரி சீனப் பேரரசருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். மக்கள் படும் துன்பங்கள் என்று அதில் மூன்றைச் சொன்னார். கொள்ளையர் தொல்லைக்கும் அநியாய வழக்குகளுக்கும் முன்னால் அவர் வைத்தது வெள்ளியின் விலையை. முன்பெல்லாம் மூன்று தோவ் அரிசி விற்றால் ஒரு மூ நிலத்துக்கு வரி கட்டிவிட்டுக் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். இப்போது ஆறு தோவ் விற்றாலும் வரிக்கே போதவில்லை என்று எழுதினார். தோவ் என்பது சுமார் பத்து லிட்டர் கொள்ளும் முகத்தல் அளவு. ஒரு மூ நம் கணக்கில் 15, 16 சென்ட் நிலம்.

அரசு நிலவரி விகிதத்தை உயர்த்தியிருக்கவில்லை. அப்படியிருக்க, வரிச்சுமை எப்படி இரட்டிப்பானது? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், 19ஆம் நூற்றாண்டுச் சீனத்தின் இரண்டு பெரிய கதைகளும் எங்கே முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன என்பது தெரியும். ஒன்று, உள்நாட்டில் விவசாயிகள் அடுத்தடுத்து நடத்திய கிளர்ச்சிகள். இன்னொன்று, கடல் வழியாக வந்த அந்நிய நாடுகளின் நெருக்குதல். அபினிப் போர் ஒரு பாடம், தைப்பிங் கிளர்ச்சி வேறொரு பாடம் என்று பிரித்துப் படிப்பதால்தான் பலருக்கும் இந்தக் காலம் பிடிபடுவதில்லை என்று நினைக்கிறேன். இரண்டும் ஒரே குடியானவர் வீட்டு வாசலில் வந்து நின்றன.

முதலில் கொஞ்சம் பின்னணி. சிங் வம்சத்தினர் வடகிழக்கிலிருந்து வந்த மஞ்சு இனத்தவர். 1644இல் பெய்ஜிங்கைப் பிடித்தார்கள். அவர்களுக்கு வழி திறந்துவிட்டதே ஒரு விவசாயக் கிளர்ச்சிதான். லீ ஸிச்செங் என்ற கிளர்ச்சித் தலைவர் தலைநகருக்குள் நுழைந்தபோது மிங் வம்சத்தின் கடைசிப் பேரரசர் தூக்கிட்டு இறந்தார். அந்தக் குழப்பத்தில்தான் மஞ்சுக்கள் பெருஞ்சுவரைத் தாண்டி உள்ளே வந்தார்கள். அந்த மிங் வம்சத்தைத் தோற்றுவித்தவரும் ஏழைக் குடியானவர் வீட்டுப் பிள்ளைதான். ஆள்பவருக்கு வானம் ஆணை கொடுக்கிறது, அவர் கெட்டுப்போனால் அதைப் பறித்துக்கொள்ளும் என்பது சீனரின் பழைய அரசியல் நம்பிக்கை. வெள்ளம், பஞ்சம், கலகம் எல்லாம் அந்த ஆணை நழுவுவதன் அறிகுறிகள். ஆக, ஊர் திரண்டு எழுவது சீன அரசியலுக்குப் புதிதல்ல. அதற்கு அங்கே ஒரு நியாயமும் இருந்தது.

1712இல் காங்ஷி பேரரசர் தலைவரியின் மொத்தத் தொகையை அன்றிருந்த அளவோடு நிறுத்திவைத்தார். மக்கள் எவ்வளவு பெருகினாலும் அந்த வரி கூடாது என்றார். கேட்க நல்ல செய்தி. ஆனால் மக்கள்தொகை நிற்கவில்லை. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுமார் 15 கோடியாக இருந்தது, அடுத்த நூறாண்டில் 30 கோடியைத் தாண்டி, 1850 வாக்கில் 40 கோடிக்கும் மேல் போனது. ஆளவேண்டிய மக்கள் பெருகினார்கள். வருவாயும் அதிகாரிகளின் எண்ணிக்கையும் அதற்கேற்பப் பெருகவில்லை. நாட்டில் இருந்த வட்டங்கள் ஏறத்தாழ 1,300. ஒரு வட்ட அதிகாரி லட்சக்கணக்கானோருக்குப் பொறுப்பு. அவருடைய அலுவலக எழுத்தர்களுக்கும் தண்டல்காரர்களுக்கும் அரசு ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கவில்லை. அவர்கள் வரியோடு சேர்த்து தங்களுக்கும் வசூலித்துக்கொண்டார்கள். தானியத்தை அளக்கும்போது சிந்துவதற்கு இவ்வளவு, வெள்ளியை உருக்கும்போது சேதாரத்துக்கு இவ்வளவு, ரசீது எழுத இவ்வளவு. ஏட்டில் இருந்த வரி குறைவுதான். குடியானவர் கொடுத்தது அதைவிட வெகு அதிகம்.

இதன் விளைவு 1796லேயே வெடித்தது. ஹூபெய், சிச்சுவான், ஷான்சி மலைப்பகுதிகளில் புதிதாகக் காடு திருத்திக் குடியேறிய ஏழைகளிடையே வெண்தாமரை என்ற பௌத்தச் சாயல் கொண்ட ரகசிய மார்க்கம் பரவியிருந்தது. அதை ஒடுக்குகிறோம் என்று கிளம்பிய அதிகாரிகள் வீடுவீடாகப் புகுந்து பணம் பறித்தார்கள். அதிகாரி விரட்டினால் மக்கள் எழத்தானே செய்வார்கள் என்பதே கிளர்ச்சிக்காரர்களின் பதில். அதை அடக்க 1804 வரை ஆனது. பத்துக் கோடி டேலுக்கு மேல் செலவானது. டேல் என்பது சுமார் 37 கிராம் வெள்ளி. நிரம்பியிருந்த கருவூலம் காலியானது. இந்த இடத்தை நன்றாகக் கவனிக்க வேண்டும்: அப்போது பிரிட்டிஷ் போர்க்கப்பல் எதுவும் சீனாவைத் தாக்கியிருக்கவில்லை. நோய் உள்ளேயே இருந்தது. பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் வெளிநாட்டாரே காரணம் என்று எழுதுவது சரியாகாது.

இப்போது வெள்ளிக்கு வருவோம். சீனாவில் இரண்டு பணங்கள் புழங்கின. சந்தையில் காய்கறி வாங்கவும் கூலி கொடுக்கவும் நடுவில் சதுர ஓட்டையுள்ள செப்புக் காசுகள். பெருவணிகத்துக்கும் அரசுக்குக் கட்டும் வரிக்கும் எடைபோட்ட வெள்ளி. ஒரு டேலுக்கு 1,000 காசு என்பது அரசின் கணக்கு. குடியானவர் நெல்லையோ கோதுமையையோ பருத்தியையோ விற்றுக் காசு வாங்குவார். வரி கட்டும் நாளில் அந்தக் காசை வெள்ளியாக்கியே கட்ட வேண்டும், அல்லது அன்றைய வெள்ளி விலைக்கு ஈடான காசைக் கொட்ட வேண்டும். மூன்று டேல் வரி உள்ள வீட்டுக்கு முன்பு 3,000 காசு தேவைப்பட்டது. 1840களின் இறுதியில் ஒரு டேல் 2,000 காசைத் தாண்டிவிட்டது. அதே மூன்று டேலுக்கு இப்போது 6,000 காசு. விற்கிற அரிசியின் காசு விலை கூடவில்லை. ஸெங் குவோஃபான் எழுதிய ஆறு தோவ் கணக்கு இதுதான்.

வெள்ளி ஏன் ஏறியது? பிரிட்டன் சீனத் தேயிலைக்கு அடிமையாகியிருந்தது. விலைக்கு ஈடாகச் சீனர்கள் வாங்கும்படியான சரக்கு அவர்களிடம் இல்லாததால் வெள்ளியைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு சரக்கைக் கண்டுபிடித்தது. பீகாரிலும் காசிப் பக்கத்திலும் குடியானவர்களைப் பயிரிடச் செய்து, கல்கத்தாவில் ஏலம் விட்ட அபினி. சீனாவில் அபினி தடைசெய்யப்பட்டிருந்ததால் கம்பெனி நேரடியாக இறங்காமல் தனியார் வணிகர்கள் கடத்தினார்கள். 1820களின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சில ஆயிரம் பெட்டிகளாக இருந்தது 1830களின் இறுதியில் சுமார் 40,000 பெட்டியாகப் பெருகியது. இதுவரை உள்ளே வந்துகொண்டிருந்த வெள்ளி வெளியே ஓடத் தொடங்கியது. அபினி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. லத்தீன் அமெரிக்காவில் விடுதலைப் போர்கள் நடந்து வெள்ளிச் சுரங்கங்கள் முடங்கியதால் உலகெங்குமே வெள்ளி அருகியது. செப்புக் காசின் தரமும் கெட்டது. இருந்தாலும் தடைசெய்யப்பட்ட ஒரு போதைப்பொருளுக்காக வெள்ளி வெளியேறியது அரசவையைப் பதறவைத்தது.

1839இல் லின் சசூ என்ற ஆணையர் குவாங்சோவுக்கு அனுப்பப்பட்டார். நேர்மைக்குப் பெயர்பெற்றவர். வெளிநாட்டு வணிகர்களிடமிருந்து 20,000 பெட்டிக்கும் மேல் அபினியைப் பறிமுதல் செய்து, ஹூமென் கடற்கரையில் குழிவெட்டி, உப்பும் சுண்ணாம்பும் கலந்து கரைத்துக் கடலில் விட்டார். பிரிட்டன் படையனுப்பியது. 1842 ஆகஸ்ட் 29இல் நான்ஜிங் அருகே யாங்சி ஆற்றில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றில் உடன்படிக்கை கையெழுத்தானது. ஹாங்காங் போனது, ஐந்து துறைமுகங்கள் திறக்கப்பட்டன, 2.1 கோடி வெள்ளி டாலர் இழப்பீடு. அடுத்த ஆண்டு துணை ஒப்பந்தத்தில், குற்றம் செய்யும் ஆங்கிலேயரைச் சீன நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்பதும் சேர்ந்தது.

அந்தப் போரின் நடுவில் நடந்த ஒரு சின்னச் சண்டையை இங்கே சொல்ல வேண்டும். 1841 மே மாதக் கடைசி. குவாங்சோ நகரைச் சூழ்ந்து நின்ற பிரிட்டிஷ் படை, பெருந்தொகை வாங்கிக்கொண்டு போர்நிறுத்தத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தது. இதற்கிடையே படையினர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் கொள்ளையடித்தார்கள், கல்லறைகளைத் திறந்தார்கள், பெண்களிடம் அத்துமீறினார்கள். சான்யுவான்லி என்ற ஊரில் மக்கள் திரண்டார்கள். சுற்றியுள்ள பல ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மண்வெட்டியும் ஈட்டியும் நீண்ட கொக்கிக் கம்பும் எடுத்து வந்தார்கள். எதிரே நின்ற படையில் நம் பக்கத்திலிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோகப்பட்ட 37ஆம் மெட்ராஸ் காலாட்படையின் சிப்பாய்களும் இருந்தார்கள். பெருமழை பிடித்துக்கொண்டது. சிப்பாய்களிடம் இருந்தவை கல்லில் பொறி தட்டிச் சுடும் பழைய துப்பாக்கிகள். மருந்து நனைந்தால் வெடிக்காது. சுமார் அறுபது பேர் கொண்ட ஒரு மெட்ராஸ் பிரிவு வயல்வெளியில் தனித்து மாட்டிக்கொண்டு, துப்பாக்கி முனைக் கத்தியை மட்டும் நம்பிச் சதுரமாக நின்று தாக்குப்பிடித்தது. மழையிலும் சுடும் புதுவகைத் துப்பாக்கி வைத்திருந்த கடற்படை வீரர்கள் வந்துதான் அவர்களை மீட்டார்கள். மறுநாள் இன்னும் பெரிய கூட்டம் சேர்ந்தது. அப்போது நகரிலிருந்து வந்த சீன அதிகாரி செய்தது, தம் மக்களைக் கலைந்துபோகச் சொன்னது. ஆங்கிலேயரை நாங்கள் பிடித்துவைத்தோம், அதிகாரிகள் விட்டுவிட்டார்கள் என்ற எண்ணம் அந்த வட்டாரத்தில் ஆழப் பதிந்தது. உள்ளூர் ஆட்சி மீதான வெறுப்பும் அந்நியர் மீதான வெறுப்பும் ஒன்றாகக் கலந்த முதல் இடங்களில் சான்யுவான்லியும் ஒன்று. அதே போர் நடந்துகொண்டிருந்த 1842 ஜனவரியில், ஹூபெயின் சோங்யாங் வட்டத்தில் ஜோங் ரென்ஜியே என்பவர் தலைமையில் வரிக்கு எதிராக எழுந்த மக்கள் வட்டத் தலைநகரையே பிடித்து வட்ட அதிகாரியைக் கொன்றார்கள். நூற்றுக்கணக்கான மைல் தள்ளி நடந்த இரண்டும் ஒரே நெருக்கடியின் இரண்டு முகங்கள்.

போர் முடிந்த பிறகு தெற்கில் பிழைப்பு மாறியது. அதுவரை தேயிலையும் பட்டும் மலைக்கணவாய் வழியாகத் தோள்சுமையாக வந்து குவாங்சோவில் மட்டுமே கப்பலேறின. ஷாங்காய் திறக்கப்பட்டதும் சரக்கு அங்கே திரும்பியது. மேலிங் கணவாய்ச் சுமைகூலிகளும் படகோட்டிகளும் வேலை இழந்தார்கள். போருக்காகத் திரட்டிய உள்ளூர்ப் படைகளைக் கலைத்தபோது ஆயுதம் பழகிய ஆட்கள் ஊரில் சும்மா இருந்தார்கள். பிரிட்டிஷ் கடற்படை கரையோரக் கொள்ளையரை விரட்ட, அவர்கள் ஆற்று வழியே உள்நாட்டுக் குவாங்சிக்குள் ஏறினார்கள். அங்கே ஏற்கெனவே பூர்வகுடி உழவர்களுக்கும் வடக்கிலிருந்து வந்து குடியேறிய ஹக்கா மக்களுக்கும் நிலத் தகராறு. இப்படிக் காய்ந்து கிடந்த மண்ணில்தான் தைப்பிங் தீப்பிடித்தது.

ஹொங் ஷியூசுவான் குவாங்சோவுக்கு அருகே 1814இல் பிறந்த ஹக்கா விவசாயி மகன். அரசுப் பணித் தேர்வில் நான்கு முறை தோற்றவர். 1837இல் தோற்றபின் கடும் காய்ச்சலில் கிடந்தபோது, பொன்னிறத் தாடி வைத்த முதியவர் ஒருவர் வாள் கொடுத்து அசுரர்களை அழிக்கச் சொன்னதாகக் கனவு கண்டார். 1843இல் நான்காவது முறையும் தோற்ற பிறகு, முன்பு குவாங்சோவில் கைக்கு வந்த கிறிஸ்தவப் பிரசுரத்தைப் படித்து அந்த முதியவர் கடவுள், தாம் இயேசுவின் தம்பி, அசுரர்கள் மஞ்சுக்கள் என்று முடிவுக்கு வந்தார். இதைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்கினால் ஒன்றும் புரியாது. குவாங்சியின் முட்செடி மலையில் கரி சுட்டுப் பிழைத்தவர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் நிலமில்லாத ஹக்காக்களும் இவரைப் பின்பற்றியது கனவுக்காக மட்டுமல்ல. இவருடைய நண்பர் ஃபெங் யுன்ஷான் கட்டிய கடவுள் வழிபாட்டுச் சங்கம் அவர்களுக்குப் பாதுகாப்பும் பொதுச் சோறும் மரியாதையும் கொடுத்தது. பின்னாளில் தளபதியான யாங் ஷியூசிங் கரி சுடும் தொழில் செய்தவர்.

1851 ஜனவரி 11இல் ஜின்தியன் கிராமத்தில் தைப்பிங், அதாவது பேரமைதி, அரசு என்று சொல்லிக் கொடி ஏற்றினார்கள். மஞ்சு ஆட்சியின் கட்டளைப்படி ஆண்கள் முன்தலையை மழித்துப் பின்னல் விட வேண்டும். தைப்பிங்குகள் முடியை வளரவிட்டார்கள். இரண்டே ஆண்டில், 1853 மார்ச்சில், நான்ஜிங் அவர்கள் கையில். அதை வான்தலைநகர் ஆக்கினார்கள். அவர்கள் வெளியிட்ட நிலத்திட்டத்தை முதன்முறை படிப்பவர் வியந்துபோவார். நிலத்தை ஒன்பது தரமாகப் பிரித்து, 16 வயதுக்கு மேற்பட்ட ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகப் பங்கு. 25 குடும்பத்துக்கு ஒரு பொதுக் களஞ்சியம். பெண்களின் பாதங்களைக் கட்டிச் சிறிதாக்கும் வழக்கத்துக்குத் தடை. நிலப்பங்கீடு பெரும்பாலும் ஏட்டோடு நின்றது என்பதையும் சொல்ல வேண்டும். போர் ஓயாததால், பிடித்த ஊர்களில் பழைய வழியிலேயே வரி வாங்கினார்கள். 1856இல் தலைவர்கள் ஒருவரையொருவர் கொன்றார்கள். யாங் ஷியூசிங்கும் அவரைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோரும் நான்ஜிங்கிலேயே வெட்டப்பட்டார்கள். சமத்துவம் பேசிய இயக்கம் அரண்மனைகளும் அந்தப்புரங்களும் கட்டியதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

இந்த இடத்தில்தான் அந்நியரின் பங்கு தலைகீழாகிறது. 1856இல் பிரிட்டனும் பிறகு பிரான்சும் இரண்டாம் அபினிப் போரைத் தொடுத்தன. 1860 ஆகஸ்டில் அவர்களின் படை வடக்கே தியன்ஜின் அருகில் தாகு கோட்டைகளைத் தாக்கிச் சிங் படையைச் சிதறடித்தது. அதே ஆகஸ்டில் தெற்கே ஷாங்காயை நெருங்கிய தைப்பிங் படையை பிரிட்டிஷ், பிரெஞ்சு வீரர்கள் சுட்டு விரட்டினார்கள். ஒரே மாதத்தில் பேரரசை அடித்தும் காத்தும் நின்றார்கள். அக்டோபரில் பெய்ஜிங்கின் யுவான்மிங்யுவான் அரண்மனைத் தோட்டத்தைக் கொள்ளையிட்டுக் கொளுத்தினார்கள். அந்த ஆண்டின் உடன்படிக்கை கைக்கு வந்ததும் கணக்கு தெளிவானது. அபினி விற்பனை சட்டபூர்வமாகிவிட்டது, உள்நாட்டு ஆறுகளில் கப்பல் விடலாம், இழப்பீடு சுங்க வருவாயிலிருந்து தவணையாக வரும், அந்தச் சுங்கத் துறையையே வெளிநாட்டு அதிகாரிகள் நடத்தினார்கள். இந்தச் சலுகைகளில் கையெழுத்திட்டது சிங் அரசு. அது விழுந்தால் தாள்களும் செல்லாது. எனவே அமெரிக்கர் வார்டும் பிறகு ஆங்கிலேயர் கார்டனும் தலைமையேற்ற கூலிப்படை, சிங் பக்கம் நின்று போரிட்டது. பலவீனமான, ஆனால் தவணை கட்டக்கூடிய அரசுதான் அவர்களுக்குத் தேவைப்பட்டது என்பது என் கருத்து.

ஆனாலும் தைப்பிங்கை வீழ்த்தியது முக்கியமாக வெளிநாட்டார் அல்ல. வெள்ளி விலையைப் பற்றி எழுதிய அதே ஸெங் குவோஃபான். அரசின் பழைய படைகள் உதவாமல் போனதால் அவர் தம் ஹூனான் மாகாணத்தில் ஊர், உறவு, ஆசிரியர் மாணவர் பிணைப்பை வைத்துத் தனிப்படை திரட்டினார். அதற்குப் பணம் கொடுத்தது 1853இல் தோன்றிய லிஜின் என்ற புதுவரி. சரக்கு ஒவ்வொரு சாவடியைத் தாண்டும்போதும் கட்ட வேண்டியது. 1864 ஜூலையில் நான்ஜிங் விழுந்தது. இறந்தவர்கள் இரண்டு முதல் மூன்று கோடிப் பேர் என்று பொதுவாக மதிப்பிடுகிறார்கள். போரைவிடப் பசியும் நோயும் கொன்றவர்கள் அதிகம். படையும் வரியும் மாகாணங்களின் கைக்குப் போனது. பிறகு மத்திய அரசிடம் முழுமையாகத் திரும்பவே இல்லை.

அதே ஆண்டுகளில் வடக்கே நியான் எனப்பட்ட ஆயுதக் கும்பல்களின் கிளர்ச்சி 1868 வரை நீடித்தது. 1855இல் மஞ்சளாறு கரையை உடைத்துத் திசைமாறி ஊர்களை அடித்துக்கொண்டுபோனது அதற்கு ஆள் சேர்த்தது. யுன்னானிலும் வடமேற்கிலும் முஸ்லிம் மக்களின் எழுச்சிகள் 1870கள் வரை நடந்தன. அவற்றின் கதை தனி. 1876 முதல் 1879 வரை வட சீனத்தில் மழை பொய்த்து, 90 லட்சம் முதல் 1.3 கோடிப் பேர் வரை மாண்டார்கள். நம் ஊரில் தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் சொல்கிறோமே, அதே எல் நினோதான் அங்கும் வானத்தை வற்றச்செய்தது.

1895இல் சீனா ஜப்பானிடம் தோற்றது. 20 கோடி டேல் இழப்பீடு, தைவானும் போனது. 1897இல் ஷான்டொங்கில் இரண்டு ஜெர்மானியப் பாதிரிமார் கொல்லப்பட்டதைச் சாக்காக வைத்து ஜெர்மனி ஜியாவோசோ விரிகுடாவைப் பிடித்தது. அந்த மாகாணத்தின் கிராமங்களில் நிலத் தகராறோ கோயில் திருவிழா வரித் தகராறோ வந்தால், மதம் மாறியவர் பக்கம் பாதிரியார் போய் நிற்பார்; பாதிரியாருக்குப் பின்னால் ஒரு போர்க்கப்பல் இருப்பது வட்ட அதிகாரிக்குத் தெரியும். தீர்ப்பு எப்படிப் போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பெருங்கால்வாய்ப் படகோட்டிகளின் பிழைப்பை நீராவிக் கப்பல் பறித்திருந்தது. 1898இல் மஞ்சளாறு வெள்ளம், அடுத்த ஆண்டு தொடங்கி வறட்சி. மழை வராததற்குக் காரணம் அந்நியர் கட்டிய தேவாலயங்களும் தந்திக் கம்பங்களும் என்று இளைஞர்கள் நம்பினார்கள். தெருக்கூத்தில் பார்த்துப் பழகிய குரங்கு வீரன் சுன் வூகொங்கும் போர்த்தெய்வம் குவான் யூவும் தங்கள் மேல் சாமியாக இறங்குவதாகவும், அப்போது தோட்டா துளைக்காது என்றும் நம்பிக் குத்துச்சண்டை பயின்றார்கள். பாக்ஸர் என்ற பெயர் வெளிநாட்டார் வைத்தது.

இவர்களின் முழக்கம், சிங்கைக் காப்போம், அந்நியரை ஒழிப்போம் என்பது. தைப்பிங்குகள் வம்சத்தை வீழ்த்த வந்தார்கள். இவர்கள் அதைக் காப்பாற்ற வந்தார்கள். 1900 ஜூனில் பேரரசித் தாய் சிஷி இவர்களை நம்பி வல்லரசுகள் மீது போர் அறிவித்தார். பெய்ஜிங்கின் தூதரகப் பகுதி 55 நாள் முற்றுகையில் இருந்தது. தென்மாகாண ஆளுநர்கள் இந்தப் போரில் சேர மறுத்துவிட்டார்கள். தைப்பிங் காலத்தில் மாகாணங்களுக்குப் போன அதிகாரம் இங்கே தன்னைக் காட்டியது. ஆகஸ்ட் 14இல் எட்டு நாட்டுப் படை தலைநகருக்குள் நுழைந்தது. ஊர்களைச் சூறையாடி, பாக்ஸர் என்று சந்தேகப்பட்டவர்களை எல்லாம் கொன்றது.

1901 செப்டம்பரில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் இழப்பீடு 45 கோடி டேல். சீனர் தலைக்கு ஏறத்தாழ ஒரு டேல். 39 ஆண்டுத் தவணை, 4 சதவீத வட்டி. அரசின் ஆண்டு வருவாயைப்போல் நான்கு மடங்குக்கும் மேலான தொகை அது. இதில் இன்னொரு கொடுமை உண்டு. கடனைத் தங்க மதிப்பில் கட்ட வேண்டும். அந்தக் காலத்தில் உலகச் சந்தையில் தங்கத்துக்கு எதிரே வெள்ளியின் விலை சரிந்திருந்தது. 1840களில் வெள்ளி ஏறியதால் குடியானவர் அதிகம் கட்டினார். 1900களில் வெள்ளி இறங்கியதால் அரசு அதிகம் கட்ட வேண்டிவந்து, அதையும் அவரிடமே வசூலித்தது. மாகாணத்துக்கு இவ்வளவு என்று பெய்ஜிங் பிரித்துக் கொடுத்தது. மாகாணம் வட்டத்துக்குப் பிரித்தது. வட்டம் நிலவரி, உப்பு, இறைச்சி, மது என்று கிடைத்ததன் மேலெல்லாம் கூடுதல் போட்டது. புதிய பள்ளிக்கும் காவல் படைக்கும் தனி வசூல். அவை நல்ல சீர்திருத்தங்கள்தான், ஆனால் கிராமத்தில் அவை இன்னொரு வரியாகவே தெரிந்தன. பல ஊர்களில் மக்கள் பள்ளிக்கூடத்தையும் காவல் நிலையத்தையும் கொளுத்தினார்கள்.

1910 ஏப்ரலில் ஹூனானின் தலைநகர் சாங்ஷாவில் அரிசி விலை எகிறியது. கையிலிருந்த காசுக்கு அரிசி கிடைக்காமல் தண்ணீர் சுமக்கும் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பமே தற்கொலை செய்துகொண்டது. கூட்டம் ஆளுநர் மாளிகையைக் கொளுத்தியது. பிறகு அதே கூட்டம் வெளிநாட்டுக் கம்பெனிகளையும் தேவாலயங்களையும் தாக்கியது. வெளிநாட்டுப் போர்க்கப்பல்கள் ஆற்றில் வந்து நின்றன. மறு ஆண்டு அக்டோபர் 10இல் வூசாங்கில் படைவீரர்கள் சிங் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். 22ஆம் தேதி சாங்ஷாவும் புரட்சியின் பக்கம் சேர்ந்தது. 1912 பிப்ரவரி 12இல் ஆறு வயதுச் சிறுவனான கடைசிப் பேரரசரின் பெயரில் முடிதுறப்பு ஆணை வெளியானது. பாக்ஸர் இழப்பீட்டின் மீதித் தவணைகள் புதிய குடியரசின் கணக்கில் ஏறின.